துளையில்லாத கிளிஞ்சல்

அந்தக் கிளிஞ்சல் குழந்தையின் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில், துணி மடிப்பில் கிடந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். தட்டையாக, வழவழப்பாக, பழுப்புக் கோடுகள் நடுப்புள்ளியைச் சுற்றிச் சுருண்டு போயிருந்தன. காரைக்கால் கடற்கரையில் கைநிறைய மணலை அள்ளினால் அதில் இரண்டு மூன்றாவது வந்துவிடும். அவ்வளவு சாதாரணமானது.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். லாத்தா, அதாவது என் அக்கா, வாசற்பக்கம் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்து இன்னும் நாற்பது நாள் முடியவில்லை. கொசு ஏதும் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கத்தான் தொட்டில் சேலையை விரித்தேன்.

"லாத்தா, உன் தோரணத்துலேர்ந்து ஒண்ணு உதுந்துருக்கு. புள்ள மேல கெடக்கு."

"எடுத்து அலமாரியில வை. சாயங்காலம் கோத்துடுறேன்."

தொட்டிலுக்கு மேலே லாத்தா கட்டியிருந்த கிளிஞ்சல் தோரணம் மின்விசிறிக் காற்றில் மெல்லச் சலசலத்துக்கொண்டிருந்தது. வயிற்றில் பிள்ளையோடு டாக்டர் நடக்கச் சொன்ன மாதங்களில் அவள் கடற்கரைக்குத்தான் நடந்தாள். வரும்போது முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். திருகாணிபோல் நீண்டவை, விசிறிபோல் வரி விழுந்த மட்டிகள், நகம்போல் மெல்லிய இளஞ்சிவப்பு ஓடுகள், இந்தப் பொத்தான்கள். எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு, வெயிலில் காயவைத்து, மாடிப்படியின் சிமெண்டில் ஒவ்வொன்றாகத் தேய்ப்பாள். உச்சி தேய்ந்து தேய்ந்து ஒரு துளை விழும். அதில் தூண்டில் நரம்பைக் கோத்து, பெரியது கீழே, சிறியது மேலே என்று அடுக்குவாள். நடு வரிசை கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூட அவிழ்த்துத் திரும்பக் கோப்பாள். துபாயில் இருக்கும் மச்சான் பிள்ளை பிறந்ததும் வீடியோவில் பார்த்துவிட்டு, "எம் மவளுக்கு ஜன்னத்துலேர்ந்து எறக்குன மாதிரி இருக்கு" என்று சொர்க்கத்தையே இழுத்துச் சொன்னது அவளுக்குப் பெரிய பெருமை.

கிளிஞ்சலை எடுத்தபோது எனக்குப் பயம் வரவில்லை. அலமாரியில் வைப்பதற்கு முன் திருப்பிப் பார்த்தபோதுதான் வந்தது.

உச்சியில் துளை இல்லை. தேய்த்த அடையாளமே இல்லை. வாய்ப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. சிமெண்ட்.

நான் சிவில் படித்தவள். ஊருக்குள் மணல், சிமெண்ட், கம்பி சோதித்துக் கொடுக்கும் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை. சிமெண்ட் ஒட்டிய கிளிஞ்சல் எங்கிருந்து வரும் என்று யோசிக்க எனக்கு நேரம் தேவைப்படவில்லை. அண்ணாந்து பார்க்கத்தான் தேவைப்பட்டது. வெள்ளைப் பெயிண்ட் அடித்த தளத்தில் தொட்டில் கொக்கியைச் சுற்றி மெல்லிய காவிக்கறை. அதிலிருந்து முடிபோல ஒரு கோடு நேராகச் சுவர்வரை போயிருந்தது. உள்ளே கம்பி போகும் பாதை அது. கொக்கிக்கு ஒட்டினாற்போல் காசளவில் ஒரு இடத்தில் பெயிண்ட் இல்லை.

தோரணம் அந்த இடத்தை மறைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் தினமும் அண்ணாந்து பார்த்தோம், கிளிஞ்சல்களை.

குழந்தையைத் தூக்கினேன். மூன்று விஷயங்களை மட்டும் நினைத்துக்கொண்டேன். கழுத்துக்குக் கீழே கை கொடு. ஓடாதே. அறைக்கு நடுவில் போகாதே, சுவரோரமாகப் போ. நிலைப்படிக்கு வந்த பிறகுதான் நின்றேன்.

"தூங்குற புள்ளய எதுக்குடி தூக்குனே?" லாத்தா ஈரக்கையோடு வந்தாள்.

"கீழ போவோம், லாத்தா. தளத்துல ஏதோ சரியில்ல."

"ஒழுகுதா?"

"ஒழுகல. பாக்கணும்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு வெள்ளைப் பெயிண்டும் தன் தோரணமும் தெரிந்தன. "உன் மாப்பிள்ளை வந்து இருக்கப்போற வீடு இது. மொத நாளே அவர நிக்கவச்சு, இங்க விரிசல் அங்க விரிசல்னு பாடம் எடுக்கப்போறே பாரு."

அது என் வீடுதான். எங்கள் குடும்பங்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்வார்கள். மாப்பிள்ளை வந்து பெண்வீட்டில் வாழ்வார். கீழ்வீடு லாத்தாவுக்கு. எனக்காக வாப்பா மேலே கட்டினார். தளம் போட்ட அன்று நான் கல்லூரியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். வாப்பா சாரத்தில் ஏறி, தொட்டில் கொக்கியைத் தன் கையாலேயே கம்பியோடு சேர்த்துக் கட்டினாராம். மகளுக்குக் கட்டும் வீட்டில் அந்தக் கொக்கியைக் கூலியாளிடம் விடக் கூடாது என்பது அவர் எண்ணம். கீழே பிள்ளை பார்க்க வரும் கூட்டம் அதிகம் என்பதால்தான், காற்றோட்டமான மேல்வீட்டுக்கு லாத்தாவைக் கொண்டுவந்தோம். என் பிள்ளைக்கு என்று கட்டிய கொக்கியில் முதலில் தொங்கியது அவள் பிள்ளை.

சத்தம் கேட்டு உம்மா மேலே வந்தாள். "நாப்பது முடியாம எடம் மாத்தாதீங்கடி. இவள இஞ்சினியருக்குப் படிக்கவச்சது வெனையாப் போச்சு. சோத்துல கல்லு, கூரையில விரிசல், எதையாவது பாத்துக்கிட்டே இருப்பா."

"ரெண்டு நாளு கீழ இருக்கட்டும் உம்மா. நாளைக்குச் சொல்லிடுறேன்."

"அப்ப தொட்டில அவுத்து விடு."

"வேணாம், யாரும் அதத் தொடாதீங்க." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. உம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். காலித் தொட்டில் ஆடினால் பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. நான் தடுப்பதற்குள் அவள் உள்ளே போய், ஒரு சிறு தலையணையைத் தொட்டிலில் வைத்துவிட்டு வந்தாள். அவள் அந்தக் கொக்கிக்குக் கீழே குனிந்து நின்ற நேரம் முழுவதும் நான் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரையில் கொஞ்சம் சாம்பல் பொடியும் இரண்டு சிறு துண்டுகளும் கிடந்தன. துடைப்பத்தால் சுவரோரம் இழுத்து, காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன்.

அன்று எல்லோரும் கீழே படுத்தோம். பயத்தை வரிசைப்படுத்தினால் குறையும் என்பது என் அனுபவம். இந்த முறை வரிசை நீண்டுகொண்டே போனது. கொக்கி இருக்கும் இடம் மட்டுமா, அறை முழுவதுமா? மேல் தளம் விழுந்தால் கீழ்த்தளம் தாங்குமா? வாப்பாவிடம் யார் சொல்வது?

கிளிஞ்சலால் காங்கிரீட்டுக்குத் தீங்கு ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் இந்த ஊரின் பழைய வீடுகள் நிற்பதே கிளிஞ்சலால்தான். சூளையில் சுட்டு, நீற்றி, மாதக்கணக்கில் புளிக்கவைத்து அரைத்த சுண்ணாம்பு. அந்தச் சுவர்களைத் தடவினால் முட்டை ஓட்டைத் தடவுவதுபோல் இருக்கும். வெற்றிலைக்குத் தடவுவதும் அதே கிளிஞ்சல் சுண்ணாம்புதான். நெருப்பில் வெந்த கிளிஞ்சல் வேறு. வேகாமல் மணலோடு மணலாகத் தளத்துக்குள் வந்த கிளிஞ்சல் ஒரே ஒரு செய்தியைத்தான் கொண்டுவரும். அந்த மணலோடு கடல் உப்பும் உள்ளே வந்திருக்கிறது. உப்பு கம்பியைத் தின்னும். துரு பிடித்த கம்பி உள்ளுக்குள் பருத்து, தன்னை மூடியிருக்கும் காங்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளும். வெளியே பல வருடம் ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலை ஆய்வகத்தில் அந்தத் துண்டுகளைப் பொடியாக்கி, வாலை வடிநீரில் ஊறவைத்து வடிகட்டினேன். எங்கள் ஊர்த் தண்ணீரை நம்ப முடியாது, அதிலேயே உப்பு இருக்கும். பக்கத்தில் வெறும் வடிநீர் ஒரு குழாயில், ஆற்று மணலில் செய்த பழைய சோதனைக் கட்டியின் சாறு இன்னொரு குழாயில். மூன்றிலும் அமிலம் இரண்டு சொட்டு, பிறகு வெள்ளி நைட்ரேட். வடிநீர் தெளிவாக இருந்தது. இரண்டாவது லேசாகப் புகை படிந்ததுபோல் ஆனது. எங்கள் வீட்டுத் துண்டின் சாறு சொட்டு விழுந்த கணத்தில் பாலாகத் திரண்டது. அவ்வளவு உப்பு.

எத்தனையோ பேர் வீட்டு மாதிரிகளுக்கு இந்தப் பாலைப் பார்த்து அறிக்கை தட்டச்சு செய்திருக்கிறேன். அன்று அறிக்கை தட்டச்சு செய்யவில்லை, கொத்தனாருக்கு போன் செய்தேன்.

வாப்பா பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்து டீயோடு உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவர். மெதுவாகத்தான் பேசுவார், மெதுவாகத்தான் கோபப்படுவார். நான் கிளிஞ்சலை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"மேல தளத்துலேர்ந்து விழுந்துச்சு, வாப்பா. புள்ள மேல."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லாத்தாவோடதா இருக்கும்."

"துளை இல்ல, பாருங்க. சிமெண்டு ஒட்டியிருக்கு. அது கடல் மணல்."

"ஆத்துலயும்தான் நத்தை கெடக்கு. அரசலாத்துல சின்ன வயசுல மடி மடியா அள்ளியிருக்கேன்."

"ஆத்து நத்தை ஓடு மெல்லிசா, பச்சையும் கருப்புமா இருக்கும். இது ஆத்துல வராது. உப்பையும் சோதிச்சுப் பாத்துட்டேன்."

"நான் நின்னு பாத்து எறக்குன மணல் அது." டீயைக் கீழே வைத்தார். "லாரிக்காரன் ஆத்து மணல்னுதான் சொன்னான். நான் அவன் பேச்ச மட்டும் நம்பல. அள்ளி நாக்குல வச்சுப் பாத்தேன். உப்பு இல்ல."

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாக்கு அது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கள் வீட்டு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். நாங்கள் அதில் சர்க்கரை குறைவா என்று கேட்போம்.

"சுத்தியல எடு," என்றார் வாப்பா.

"ஆள வரச் சொல்லியிருக்கேன் வாப்பா. முட்டுக் கொடுத்துட்டு அப்புறம் தட்டலாம்."

"எடும்மா. நான் கட்டுன வீடு."

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். நாற்காலியைச் சுவரோரம் போட்டேன். அங்கிருந்து கொக்கியை நோக்கி எட்டும் தூரம்வரை மட்டும் தட்ட வேண்டும், அதற்கு மேல் ஒரு அடியும் எடுத்துவைக்கக் கூடாது என்று சொன்னேன். ஆச்சரியமாக, கேட்டுக்கொண்டார். லாத்தாவும் உம்மாவும் படியில் நின்றார்கள். குழந்தை லாத்தாவின் தோளில் இருந்தது. "நீ கீழ போ," என்றேன். அவள் போகவில்லை, வாசலுக்கு வெளியே மட்டும் நகர்ந்தாள்.

வாப்பா சுத்தியலின் மரப்பிடியால் தட்டினார். சுவரோரம் டக் டக் என்று இறுகிய சத்தம். அடுத்தது டக். அடுத்தது டக். பிறகு டொப் என்று கேட்டது.

அவர் கை நின்றது. வாழ்க்கை முழுவதும் தேங்காயைத் தட்டிப் பார்த்து விற்றவர் அவர். நல்லது எது, உள்ளே போனது எது என்று காது சொல்லிவிடும். அதே இடத்தில் இன்னொரு தடவை தட்டினார். டொப். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அவர் பயந்திருந்தார். வாப்பா பயந்தால் எப்படி இருப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"எறங்குங்க வாப்பா," என்றேன். அவர் இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தார். அதற்குப் பிறகுதான் அது விழுந்தது. யாரும் தட்டவில்லை. சப்பென்று ஒரு சத்தம், வெள்ளையாகத் தூசி, தோரணம் அறுந்து சிதறும் ஓசை. தாம்பாளம் அளவுக்கு ஒரு பாளம் கொக்கியைச் சுற்றிப் பெயர்ந்திருந்தது.

அது தரையில் விழவில்லை. தொட்டிலுக்குள் விழுந்திருந்தது. கொக்கி இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. சேலை இழுத்துப் பிடித்து, கனமாகத் தொங்கி, தொட்டில் மெல்ல ஆடியது. உள்ளே ஒரு பிள்ளை படுத்திருந்தால் எப்படி ஆடுமோ அப்படி. உம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டில் ஆடி நிற்கும்வரை நாங்கள் யாரும் அசையவில்லை.

மேலே துருப்பிடித்த கம்பிகள் தெரிந்தன. ஒன்று தீக்குச்சியளவுக்கு மெலிந்திருந்தது.

மறுநாள் கொத்தனார் ஆட்களோடு வந்து சென்ட்ரிங் ஜாக்கி என்னும் இரும்புக் கால்களை நிறுத்தி அறை முழுவதும் முட்டுக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த ஒரு பொறியாளர் கருவிகளோடு வந்து பார்த்தார். மேல் தளத்தை முழுவதும் எடுக்க வேண்டும். கீழ்த்தளம் போட்டது பல வருடம் முன்னால், அந்த மணல் வேறு. ஒவ்வொரு அடியாகத் தட்டினோம், எங்கும் இறுகிய சத்தம். கம்பியும் சோதித்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறது. ஆனாலும் குழந்தையைக் கூடத்தின் மூலையில் படுக்கவைத்துவிட்டு, நேர் மேலே நான்கு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். திரும்ப வந்து இன்னொரு தடவை பார்த்தேன்.

விழுந்த பாளத்தைத் தொட்டிலிலிருந்து எடுத்து முற்றத்தில் செய்தித்தாள் மேல் வைத்திருந்தோம். லாத்தா அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. பொத்தான் கிளிஞ்சல்கள். வரி விழுந்த மட்டியின் பாதி. திருகாணிச் சங்கின் நுனி. கொஞ்ச நேரத்தில் தாளில் ஒரு வரிசை உண்டாகிவிட்டது.

"இந்தக் கருநீல மட்டி இருக்கு பாரு," என்றாள். "இது கடக்கரை முழுக்க கெடைக்காது. ஆறு கடல்ல சேருற எடத்துல மட்டும்தான் நான் பொறுக்குவேன்."

வாப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆற்று மணல் என்று லாரிக்காரன் சொன்னது முழுப் பொய்கூட இல்லை. ஆறு முடியும் இடத்தில் அள்ளியிருக்கிறான். மணல் கிடைக்காமல் எல்லோரும் அலைந்த சமயம் அது. வாப்பா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்க போறீங்க?" என்றாள் உம்மா.

"அந்த லாரிய நம்ம தெருவுல மூணு பேருக்கு நான்தான் கைகாட்டி விட்டேன்." செருப்பைத் தேடினார், அது காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. "எல்லாரும் அந்த வருசம்தான் மேல கட்டுனாங்க. எல்லாம் பொட்டப்புள்ள வீடு."

"போன்ல சொல்லிடலாம்ல?" என்றேன்.

"இத போன்ல சொல்லுவியா நீ?"

நான் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு அவரோடு நடந்தேன். வழியில் அவர் ஒரு வார்த்தைதான் பேசினார். "நீயே சொல்லு. எனக்கு வராது." என்னாலும் முடியுமா என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியவற்றை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். யார் மேலே படுக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும். கடைசியாக நினைத்ததை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வீடு நாலாவது வாசல். கதவைத் திறந்த அம்மா எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க வாங்க. வாப்பாவும் மவளுமா சேந்து வந்தா நல்ல சேதியாத்தான் இருக்கும். நாள் குறிச்சாச்சா? மாடிக்கே வாங்க, அங்கதான் காத்து வரும்."

வாப்பா படியேறத் தயங்கினார். நான் முன்னால் போனேன். மேலே கூடத்தில் மூன்று பிள்ளைகள் பாய் விரித்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒன்று குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறி கடகடவென்று சுற்றியது. தளம் முழுக்கப் பளிச்சென்று புதுப் பெயிண்ட். போன பெருநாளுக்குத்தான் அடித்திருப்பார்கள்.

மின்விசிறிக் கொக்கியைச் சுற்றிக் காவிக்கறை இருந்தது.

"உக்காருங்க, டீ போடுறேன்," என்றார் அந்த அம்மா.

"டீ அப்புறம் குடிக்கிறோம், மாமி." குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள என்னால் ஆனதைச் செய்தேன். "மொதல்ல புள்ளைங்கள வெளிய போய் விளையாடச் சொல்லுங்க."

"ஏம்மா, அதுங்க எழுதிட்டுத்தான் போகணும்."

"இப்பவே, மாமி. சுவத்து ஓரமாப் போகச் சொல்லுங்க."

அவர் சிரித்த முகம் மாறாமலே வாப்பாவைப் பார்த்தார். வாப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமியும் அண்ணாந்து பார்த்தார்.